சகலைக்கு விழுந்த மாத்திரை

சகலை,

எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன். உனக்குத்தான் நிஜ மாத்திரை விழும், எனக்கு வெறும் மாவுதான் வரும் என்று முதல் நாளே, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் சர்க்கரை போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். நீ சிரித்தாய். திருப்பதிக்குள் மேம்பாலம் வரும் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தாய். வந்ததா இல்லையா? சித்தூரில் நான் வேலை பார்த்த மாம்பழக் கூழ் ஃபாக்டரி மூடப் போகிறது என்று முதலாளிக்கே முதலில் சொன்னவன் நான். என் வாயில் வந்தது எது நடக்காமல் போயிருக்கிறது, சொல்.

நேற்று திருப்பதிக்குப் போய்வந்தேன். உன் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனேன். சர்க்கரைக் காலுக்கென்று ஆஸ்பத்திரியில் அளவெடுத்துக் கொடுத்தார்களே, அந்த மெத்து மெத்தென்ற கறுப்பு ரப்பர் செருப்பு. உன் வீட்டு வாசலில் நீ விட்ட இடத்திலேயே இருந்தது. உன் பெண்டாட்டி சின்னவள்தான் எடுத்துக் கொடுத்தாள். "நீங்க போட்டுக்குங்க மாமா, சும்மா கெடக்குது" என்றாள். இப்போது அது என் கட்டிலடியில் இருக்கிறது. ரப்பரில் உன் குதிகால் பதிந்த பள்ளம் இன்னும் அப்படியே. என் செருப்பில் இப்படி ஒரு பள்ளம் விழுந்ததே இல்லை. செருப்புகூட உனக்குத்தான் படிந்து கொடுத்திருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன மரமா?

சின்னவளும் நானும் எதற்குப் போனோம் என்றால், நாம் இரண்டு பேரும் சேர்ந்திருந்த அந்த மருந்து ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். அதில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என்ன தெரிந்தது என்று சொல்லப் போகிறோம், யாருக்கு எந்த மாத்திரை கொடுத்தோம் என்பதையும் கேட்பவர்களுக்குச் சொல்வோம் என்று ஃபோன் வந்தது. உன் பெயருக்கு வந்த அழைப்பைச் சின்னவள் எடுத்திருக்கிறாள். நேராக எனக்குப் போட்டாள்.

"மாமா, ஒன்னே ஒன்னு கேட்டு சொல்லுங்க. அவருக்குக் குடுத்தது நெஜ மாத்திரையா, சும்மா மாத்திரையா? எங்க சித்தி மவ வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருக்கறா, வெறும் மாவக் குடுத்து ஆள சாவடிச்சிட்டாங்கன்னு. அவரு வாணான்னுதான் சொன்னாரு மாமா. நான்தான் போங்க போங்கன்னு அனுப்பனேன்."

நெஞ்சுவலிக்கும் கால் எரிச்சல் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை, மாத்திரை நிறுத்தி அரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதானே நீ போனாய் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மனசில் இது ஒன்று முள்ளாக நின்றுவிட்டது. தான் அனுப்பிய இடத்தில் தன் புருஷனை ஏமாற்றினார்களா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சரி, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். நீ சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவாய். நான் சொன்னால்தான் கதைக்கு உடம்பு வரும்.

அந்த ஆராய்ச்சியை முதலில் கண்டுபிடித்தவன் நான் என்பதை நீ எங்கேயும் சொன்னதில்லை. சர்க்கரை டாக்டர் அறைக்கு வெளியே ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தது யார்? "கால் பாதத்தில் எரிச்சல் உள்ளவரா?" என்று தெலுங்கில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, உனக்கு ஃபோன் போட்டு வரவழைத்தது யார்? நான் ஒன்பதாவது ஃபெயில். ஆனால் அன்றைக்கு அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அந்த நோட்டீஸை விளக்கிச் சொன்னேன். அமெரிக்கா மருந்து, ஒரு மாத்திரை ஒரு தங்கக் காசு விலை, நமக்கு இலவசம் என்று சொன்னேன். பாதிப் பேர் அப்போதே பெயர் கொடுக்க எழுந்துவிட்டார்கள்.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். ஆராய்ச்சிக்கு வருகிற நோயாளிகளுக்கு விவரம் சொல்லி, அவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண். சித்தூர்ப் பக்கம் பழைய சபைக் குடும்பம், வீட்டில் தமிழ்தான். அவள் என்னைப் பார்த்து, "சார், நீங்க சொன்னது எதுவும் எங்களுக்கே தெரியாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை.

அவள் நம்மை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். இந்த மாத்திரை எரிச்சலுக்குக் கேட்குமா கேட்காதா என்று இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுதான். யாருக்கு எது என்பதை கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சர்க்கரைக்குச் சாப்பிடும் மருந்துகள் அப்படியே தொடரும். உடம்புக்கு என்ன செய்தாலும் உடனே சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதற்காக நம் வைத்தியம் நின்றுபோகாது.

எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரு நியாயமான கேள்வி கேட்டேன். "அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் மருந்து இருக்கறதா பாத்து குடுத்துடு. லெட்டர் வேணும்னா சொல்லு, நாளைக்கே வாங்கியாறேன்."

"எதுக்கு சார் லெட்டர்?"

"சிபாரிசுதான். மலை மேல வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்கே நம்ம லெட்டர்ல எத்தினி பேரு போயிருக்கறாங்க தெரியுமா?"

நீதான் குறுக்கே வந்தாய்.

"அண்ணா, இது பிரேக் தரிசனம் இல்ல, தர்ம தரிசனம். எந்த கம்பார்ட்மெண்ட்ல வுடுவாங்கன்னு க்யூல நிக்கறவனுக்கும் தெரியாது, கேட் தொறக்கறவனுக்கும் தெரியாது."

"நமக்குத்தான் லெட்டர் இருக்குதே."

"லெட்டர் இருக்கறவன்லாம் ஒரு பக்கம் போய்ட்டான்னா, மருந்து வேல செஞ்சிதா லெட்டர் வேல செஞ்சிதான்னு எப்பிடிண்ணா தெரியும்?"

எஸ்தர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இத நான் மத்தவங்களுக்கும் சொல்லலாமா அண்ணா?" என்று உன்னைக் கேட்டாள். என்னை சார் என்றவள் உன்னை அண்ணா என்றாள். தரிசனப் பேச்சை எடுத்தவன் நான். நான் எடுத்திருக்காவிட்டால் உனக்கு அந்த க்யூ ஞாபகம் வந்திருக்குமா? அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் தர்ம தரிசனம்தான், கம்பார்ட்மெண்ட்தான். பெயர் உனக்கு.

நீ லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்தவன். குடும்பத்தோடு மூட்டை முடிச்சோடு வந்து நிற்கிறவனிடம் உன் முதலாளி "பாக்கறேன், உக்காருங்க" என்பான். நீ மட்டும் "ரூம் இல்ல" என்று சொல்லிவிடுவாய். ஒருநாள் உன்னைக் கேட்டேன், இப்படிச் சொன்னால் வியாபாரம் என்னாவது என்று. "இல்லன்னு சொன்னா அந்தாளு வேற எடம் தேடுவான்ணா. பாக்கறேன்னு சொன்னா புள்ளைங்களோட இங்கியே காஞ்சிக்கினு கெடப்பான்" என்றாய். அதே வாயோடுதான் ஆஸ்பத்திரியிலும் பேசினாய். தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த வார்த்தையே வராது.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் இருக்கும். உன் ஃபோன் வந்தது. "அண்ணா, நேத்து போர்வை போத்திக்கினு தூங்கனேன்."

கால் எரிச்சல் இல்லாதவனுக்கு இது ஒரு செய்தியே இல்லை. நமக்குத் தெரியும். பாதத்தின் மேல் ஒரு வேட்டி நுனி பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருக்கும். மார்கழியிலும் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிற ஜாதி நாம். நீ போர்வை போர்த்திக்கொண்டாய். நான் ஈரக் கோணியின் மேல் காலை வைத்துக்கொண்டு உன் ஃபோனைக் கேட்டேன். "எனக்கும் கொறஞ்சிட்டுது" என்று சொன்னேன். குறையவில்லை. உன் கல்யாண நாளிலிருந்து நான் உன்மேல் எத்தனையோ விஷயத்துக்குப் பொறாமைப்பட்டிருக்கிறேன். உன் தலைமுடிக்கு, உன் பையனின் ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்கு, மாமனார் உன்னிடம் மட்டும் சிரித்துப் பேசியதற்கு. எல்லாம் சேர்த்தாலும் அந்தப் போர்வைக்கு ஈடாகாது.

பிறகு ஆடிக் கிருத்திகைக்கு நகரியில் மாமியார் வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். இரண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே கரை வேட்டி, ஒரே அளவு டம்ளர். விரால் மீன் வாங்கினால் தலையை அரிவாள்மனையில் சரிபாதியாகப் பிளந்து ஆளுக்கொரு கண் வைப்பார். ஒரு மகள் மனசு நோகக் கூடாது என்பதற்காகவே அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் சாப்பிடும்போது பொதுவாகத்தான் சொன்னேன். "அத்தே, சின்ன மாப்ளைக்கு நெஜ மருந்து விழுந்துட்டுது, பெரிய மாப்ளைக்கு வெறும் மாவு. குடுத்து வெச்சவன் அவன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் நம் இரண்டு பேர் பாட்டிலும் காலி. எவர்சில்வர் டப்பா ஒன்றில் எல்லா மாத்திரையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. இட்லித் தட்டோடு ஆளுக்கு இரண்டு மாத்திரை வைத்தார்.

"இன்னா அத்தே இது?" என்று கேட்டாய்.

"ஒருத்தருக்குப் பாயசம், ஒருத்தருக்குப் பச்சத் தண்ணியா? என் வூட்ல அது நடக்காது மாப்ளே. கலந்து வெச்சிட்டேன். ஆளுக்கு ரெண்டு துன்னுங்க, ஒன்னு இல்லன்னா ஒன்னு கேக்கும்."

நீ மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாய். நான் அதற்குள் விழுங்கிவிட்டேன். மாமியார் கொடுத்ததை மறுப்பது மரியாதை இல்லை. அதோடு, ஒன்றாவது உன் பாட்டிலுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் விழுங்கினேன்.

அன்றைக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். வழியெல்லாம் நான் யோசனை சொல்லிக்கொண்டே வந்தேன். பாட்டில் குரங்கு கையில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், திருப்பதியில் யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். குரங்கு எந்த மரத்தில் ஏறியது, எப்படி மூடியைத் திறந்தது, எத்தனை மாத்திரை தின்றது என்று புத்தூர் வருவதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது.

"மூடி திருகற கொரங்காண்ணா? அத உங்க ஃபாக்டரில சேத்துவுடுங்க" என்றாய்.

"நெஜத்த சொன்னா நம்பள தூக்கிடுவாங்கடா. உனுக்கு இப்பத்தான் கால் ஆறிக்கினு வருது."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்கும் அந்த பயம் இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு போர்வை போர்த்தியவனுக்கு இல்லாமல் இருக்குமா? ரேணிகுண்டா வந்தபோது சொன்னாய். "அவங்களுக்கே தெரியாத மருந்துண்ணா இது. அதுல நம்ப பொய்யும் கலந்துட்டா, அப்புறம் எவனுக்கு இன்னா தெரியப்போவுது? தூக்கனா தூக்கட்டும்."

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவிடம் நீயே சொன்னாய். மாமியார், மீன் தலை, டப்பா எல்லாம். அவருக்குத் தமிழ் அரைகுறை. எஸ்தர் தெலுங்கில் சொல்லச் சொல்ல, அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். என்னை மட்டும் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள், இரண்டு விழுங்கியவன் நான்தானே. டப்பாவை வாங்கிக்கொண்டு, நடந்ததை எழுதிக்கொண்டு, நம் ஆராய்ச்சி நம்பர்களுக்கு உரிய புது பாட்டில்களை வரவழைத்துக் கொடுத்தார்கள். தூக்கவில்லை. "மறைச்சிருந்தாதான் கஷ்டம். சொன்னது ரொம்ப நல்லதாச்சு" என்றார் டாக்டரம்மா. உன்னைப் பார்த்துச் சொன்னார். கூடவே உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துச் சொன்னதாக நான் ஊரில் சொல்லிவைத்தேன்.

அதன் பிறகு நீ ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டாய். நகரி நெசவுக்காரர்கள், காணிப்பாக்கத்துப் பூக்கடைக்காரர்கள், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் யார் புதிதாக வந்தாலும் எஸ்தர் உன்னைக் கூப்பிடுவாள். சேருங்கள் என்றும் சொல்ல மாட்டாய், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாய். ஒரு கிழவர் உன்னைக் கேட்டார், "எனுக்கு வெறும் மாத்திர வந்துட்டா நான் ஏமாந்தவன்தான நைனா?" நீ சொன்னாய், "முன்னாடியே சொல்லிட்டு குடுத்தா அது ஏமாத்தறது இல்ல பெரியவரே. சொல்லாம குடுத்தாதான் ஏமாத்தறது." அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அதே கிழவருக்கு அதற்கு முன்னால் அரை மணி நேரம் விளக்கியிருந்தேன்.

நீ போன அன்று எஸ்தர் வந்து உன் வீட்டு வாசலில் நின்று அழுததைப் பார்த்தேன். நான் போனால் யார் வருவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைப்பற்றி எழுத வேண்டாம்.

நேற்று ஆஸ்பத்திரிக் கூடம் நிறைந்திருந்தது. டாக்டரம்மா தெலுங்கிலும் எஸ்தர் தமிழிலும் சொன்னார்கள். மருந்துள்ள மாத்திரை சாப்பிட்டவர்களில் பலருக்கு எரிச்சல் குறைந்திருக்கிறது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கிறது. ஆகவே இந்த மருந்தை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. வேலை செய்யாத மருந்துக்கு ஜனங்கள் காசைக் கொட்டாமல் நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்றார்கள்.

நான் எழுந்து கேட்டேன். "அப்போ வெறும் மாத்திர துன்னுட்டு கொறஞ்சிதுன்னு சொன்னவன்லாம் பொய் சொன்னானா?"

"இல்ல சார். கொறஞ்சது நெஜம்தான். காரணம்தான் மருந்து இல்ல" என்றாள் எஸ்தர். அடிக்கடி சோதித்துப் பார்த்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, காலைப் பார்த்துக்கொண்டது, குணமாகும் என்கிற நம்பிக்கை, தானாகவே ஏறி இறங்குகிற வலி என்று பல காரணம் சொன்னாள். நான் தலையாட்டினேன். பக்கத்தில் சின்னவள் ஒன்றும் காதில் வாங்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். சின்னவள் கதவுவரை வந்து நின்றுவிட்டாள். "எனக்கு தைரியம் இல்ல மாமா. நீங்க கேட்டு வாங்க" என்றாள். அவளுக்குச் சம்மதமா என்று டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் கம்ப்யூட்டரைத் திருப்பினார். என் நம்பரைப் பார்த்தார், உன் நம்பரைப் பார்த்தார். உனக்கு நிஜ மாத்திரை, எனக்கு வெறும் மாத்திரை. நான் சொன்னது சொன்னபடி.

வெளியே வந்தேன். சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். வழக்கமாக நான் ஒரு சேதி சொன்னால் அதற்கு முன்னும் பின்னும் பத்து சேதி இருக்கும். நேற்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். "நெஜம்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து, மெதுவாக, முழுவதும் சாப்பிட்டாள். நீ போன பிறகு அவள் எதையும் முழுசாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "மாமா, எங்க சித்தி மவளுக்கு ஃபோன் போடுங்க. நான் பேசணும்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். "நெஜ மருந்துதான்டி. டாக்டரே கம்ப்யூட்டர்ல பாத்து சொன்னாங்க" என்று அவள் சொன்னதை வராண்டாவில் எல்லாரும் கேட்டார்கள்.

சகலை, இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். டாக்டரம்மா சொன்னது அது இல்லை. தலைகீழாகச் சொன்னார். மருந்து இருந்த பாட்டில் என்னுடையது. நீ போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது வெறும் மாத்திரையில்.

கதவுக்கு வெளியே வரும்வரை உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வெறும் மாத்திரைதான் அம்மா, ஆனால் ஏமாற்றவில்லை. ஆறியது நிஜம்தான், மருந்தால் இல்லை. இதை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். நீ இருந்தால் நாலு வார்த்தையில் சொல்லியிருப்பாய், அவளும் தலையாட்டியிருப்பாள். எனக்கு அந்த நாலு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றுதான், அதுவும் பொய்.

நிஜ மருந்து தின்றவன் நான். கால் இப்போதும் எரிகிறது. உன்மேல் பொறாமைப்படுவதை எப்படி நிறுத்துவது என்று சுருக்கமாக, புரிகிற மாதிரி, நீயே சொல்.